சுள்ளிக்கும் ஒரு விலை உண்டு!
காட்டுத் தீயை அணைக்கக் கோடி. தடுக்கச் சில ஆயிரம். எது லாபம்?

பங்குனி மாதம். இரவு எட்டு மணி. ஆர்.கே.பேட்டையில் தறிச் சத்தம் இன்னும் ஓயவில்லை. பகல் முழுவதும் வெயில் கொளுத்தியதால் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. திண்ணையில் பாட்டி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் பேரன்.

தூரத்து மலையில் சிவப்பாக ஒரு கோடு தெரிகிறது. அது மெல்ல மெல்ல மேலே ஏறுகிறது.

"பாட்டி, பாட்டி! மலைக்கு யாரோ விளக்கு மாலை போட்டிருக்காங்க!" என்கிறான் பேரன்.

"அது விளக்கு இல்லைடா கண்ணு. மலை எரியுது" என்கிறாள் பாட்டி.

"யார் கொளுத்தினாங்க?"

"யாராவது பீடி குடிச்சிட்டுத் துண்டைப் போட்டிருப்பான்."

பேரன் விடவில்லை. "ஒரு பீடித் துண்டுலே ஒரு மலையே எரியுமா, பாட்டி?"

நல்ல கேள்வி! பெரிய பெரிய படிப்பாளிகள் எல்லாம் இந்தக் கேள்விக்குத்தான் விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் கோடிக் கோடியாகப் பணம் செலவழிப்பதும் இதற்காகத்தான்.

ஆர்.கே.பேட்டை, திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது. ஒரு பக்கம் சோளிங்கர். ஒரு பக்கம் பள்ளிப்பட்டு. ஒரு பக்கம் திருத்தணி. எங்கே திரும்பினாலும் மலையும் கரடும் கண்ணில் படும். அடர்ந்த பெருங்காடு இல்லை. முள்ளும் புதரும் புல்லும் குட்டை மரங்களும் நிறைந்த வறண்ட காடு. மழைக் காலத்தில் பச்சைப் பசேல் என்று இருக்கும். கோடையில் வைக்கோல் போர் போல் ஆகிவிடும்.

இப்படிப்பட்ட காட்டில் தீ பிடிக்காமல் இருக்க என்ன வழி? அதற்கு என்ன செலவு? அந்தச் செலவை யார் கொடுப்பது? இன்று அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

அடுப்பு சொல்லும் பாடம்

விறகு அடுப்பு மூட்டத் தெரிந்த எந்தப் பெண்ணையும் கேளுங்கள். ஒரு தீக்குச்சியைக் கிழித்து, தொடை பருமன் உள்ள கட்டையில் வைத்தால் பற்றிக்கொள்ளுமா? பற்றாது. குச்சிதான் வீணாகும்.

முதலில் சருகு வேண்டும். அதன் மேல் சுள்ளி. அதன் மேல் விரல் பருமன் குச்சிகள். அவை நன்றாகப் பிடித்து எரிந்த பிறகுதான் பெரிய கட்டையில் தீ ஏறும்.

காட்டிலும் அதே கதைதான். வளர்ந்த மரம் சுலபத்தில் பற்றாது. அதன் பட்டை தடிமனாக இருக்கும். உள்ளே ஈரம் இருக்கும். கீழே கிடக்கும் சருகும் காய்ந்த புல்லும்தான் முதலில் பற்றுகின்றன. அடுத்துப் புதர். அடுத்துக் குட்டை மரங்கள். அங்கிருந்து தீ, ஏணியில் ஏறுவதுபோல் ஏறிப் பெரிய மரத்தின் உச்சியைப் பிடித்துக்கொள்கிறது. உச்சியைப் பிடித்த தீயை அணைப்பது மிகவும் கடினம். காற்று அடித்தால், பொறி பறந்துபோய்த் தள்ளியிருக்கும் இடத்திலும் புதிய தீயை மூட்டிவிடும்.

ஏணியை எடுத்துவிட்டால்? தீ தரையோடு ஓடும். நாலு பேர் பச்சைக் கிளையால் அடித்தே அணைத்துவிடலாம்.

அடியில் உள்ள புதரையும் நெருக்கமான இளங்கன்றுகளையும் காய்ந்த சுள்ளியையும் அப்புறப்படுத்துவதற்குக் "காட்டைக் கலைத்தல்" என்று சொல்லலாம். கேழ்வரகு நெருக்கமாக முளைத்தால் சில பயிர்களைப் பிடுங்கிக் கலைத்து விடுகிறோம் அல்லவா? அதே வேலைதான்.

ஆக, பேரனின் கேள்விக்கு விடை இதுதான்: பீடித் துண்டு தீயைத் தொடங்கி வைக்கும். மலையை எரிப்பது சுள்ளி!

குரங்கணியில் நடந்தது

காய்ந்த புல்லும் சருகும் எவ்வளவு கொடியவை என்பதைத் தமிழ்நாடு ஒரு நாளில் தெரிந்துகொண்டது.

2018-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி. தேனி மாவட்டம் போடிக்கு அருகே உள்ள குரங்கணி மலை. மலை ஏறிப் பார்க்கப் போன இளைஞர்களும் பெண்களும் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். சரிவு முழுவதும் காய்ந்த புல். தீ சூழ்ந்துகொண்டது. ஓட வழியில்லை. 23 உயிர்கள் பலியாயின.

அங்கே பெருமரங்கள் எரிந்து விழவில்லை. ஆளைக் கொன்றது புல்லில் ஓடிய தீ. தரையில் ஓடும் தீ, மேடு கண்டால் வேகம் கூடும். கீழே எரியும் தீயின் சூடு, மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. அதனால்தான் மலைச் சரிவில் மேல் நோக்கி ஓடுகிறவனைத் தீ துரத்திப் பிடித்துவிடுகிறது.

அடுத்த ஆண்டு, 2019 பிப்ரவரியில், கர்நாடகத்தின் பந்திப்பூர்க் காட்டில் பல ஆயிரம் ஏக்கர் எரிந்தது. தமிழ்நாட்டின் முதுமலையை ஒட்டிய காடு அது. அங்கே தீக்கு ஏணியாக இருந்தது உண்ணிச் செடி.

அழகுக்கு வந்தது, அடைத்துக்கொண்டது

உண்ணிச் செடியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மஞ்சளும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். பிள்ளைகள் பூவைப் பறித்துத் தேன் உறிஞ்சுவார்கள். இது நம் நாட்டுச் செடி அல்ல. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் பூந்தோட்டத்துக்காகக் கொண்டு வந்தார்கள்.

தோட்டத்தில் வைத்தது காட்டுக்குப் போய்விட்டது. பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்பின. ஆள் நுழைய முடியாத புதராக மண்டியது. மாடு தின்னாது. மான் தின்னாது. அதன் அடியில் புல் முளைக்காது. கோடையில் அதன் கிளைகள் காய்ந்து நின்றால், தீக்குத் தயாராக அடுக்கி வைத்த விறகு போல் ஆகிவிடும்.

சீமைக் கருவேலம் இன்னொரு விருந்தாளி. 1877-ம் ஆண்டு வாக்கில் கடப்பைச் சீமையில் இதைப் பயிரிட்டார்கள். கடப்பை, ஆர்.கே.பேட்டைக்கு அதிக தூரம் இல்லை. விறகுப் பஞ்சம் தீரும் என்று நினைத்துக் கொண்டு வந்தார்கள். விறகுப் பஞ்சம் தீர்ந்தது. ஆனால் ஏரியும் புறம்போக்கும் ஓடைக்கரையும் முள் காடாகிவிட்டன.

இன்னொரு மாறுதலும் நடந்தது. பாட்டியின் காலத்தில் பெண்கள் மலைக்குப் போய்ச் சுள்ளி பொறுக்கி, தலைச்சுமையாகக் கொண்டு வந்தார்கள். இன்று பெரும்பாலான வீடுகளில் சமையல் வாயு வந்துவிட்டது. அது பெரிய நன்மை. புகையில் கண் கலங்கி, நெஞ்சு கெட்ட காலம் போயிற்று. தலைச்சுமையும் குறைந்தது. அந்தச் சுமை மீண்டும் வரவேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெண்கள் காட்டைக் கூட்டிப் பெருக்கும் வேலையைக் கூலி இல்லாமல் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் நடந்து போகிற தூரம் வரையில் சுள்ளி தங்கவில்லை. இன்று பொறுக்குவார் இல்லாத இடத்தில் சுள்ளி அங்கேயே கிடந்து காய்கிறது. இலவசமாக நடந்த வேலைக்கு இனி கூலி கொடுத்தாக வேண்டும்.

எல்லாத் தீயையும் அணைத்த நாடு

அமெரிக்காவின் கதையைக் கேளுங்கள்.

1910-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். அந்த நாட்டின் வடமேற்கு மலைகளில் இரண்டே நாளில் ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்தது. 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நாடே நடுங்கிவிட்டது. "இனி எந்தக் காட்டிலும் எந்தத் தீயையும் எரிய விடக்கூடாது" என்று வன இலாகா முடிவு செய்தது. 1935-ல் ஒரு கட்டளையும் போட்டது. இன்று கண்ணில் பட்ட தீ, மறுநாள் காலை 10 மணிக்குள் அணைந்திருக்க வேண்டும்!

அதற்கு முன் அந்த மண்ணின் பூர்வகுடிகள், தக்க காலம் பார்த்துச் சிறு சிறு தீ வைத்துப் புதரை அடக்கி வந்தார்கள். அதுவும் தடுக்கப்பட்டது.

பல ஆண்டுகள் எல்லாம் நன்றாக நடப்பதுபோல் இருந்தது. ஆனால் ஒவ்வொரு சிறு தீயையும் அணைக்க அணைக்க, அது எரித்திருக்க வேண்டிய சுள்ளி மிச்சமாகிக்கொண்டே வந்தது. பத்து மரம் நின்ற இடத்தில் நூறு மரம் நெருக்கிக்கொண்டு நின்றது. கடைசியில் பிடித்த தீ, யாராலும் அணைக்க முடியாத தீயாக இருந்தது.

2018 நவம்பரில் கலிபோர்னியாவில் பாரடைஸ் என்ற ஊர் எரிந்தது. அந்தச் சொல்லுக்குச் "சொர்க்கம்" என்று பொருள். மின்சாரக் கம்பியில் ஏற்பட்ட கோளாறால் தொடங்கிய தீ அது. 85 பேர் மாண்டார்கள். 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின.

பணக் கணக்கையும் பாருங்கள். 1995-ல் அமெரிக்க வன இலாகா, தன் வரவு செலவில் 100-க்கு 16 டாலரைத் தீக்காகச் செலவழித்தது. 2015-ல் அது 50 டாலரைத் தாண்டிவிட்டது. தீயை அணைக்கப் பணம் போனதால், தீ வராமல் தடுக்கப் பணம் இல்லை. தடுக்காததால் மேலும் தீ. மேலும் செலவு. கடன்காரன் வட்டிக்கு வட்டி கட்டுகிற கதையாகிவிட்டது!

2022-ல் அந்த நாடு புதிய திட்டம் போட்டது. பத்து ஆண்டுகளில் தேசியக் காடுகளில் 2 கோடி ஏக்கரும், மற்ற நிலங்களில் 3 கோடி ஏக்கரும் கலைத்துச் சீர் செய்வது என்பது குறிக்கோள்.

நம் நாட்டுக் கணக்கு

காட்டுத் தீயால் இந்தியாவுக்கு ஆண்டுதோறும் குறைந்தது 1,101 கோடி ரூபாய் நஷ்டம் என்று, 2018-ல் உலக வங்கியும் மத்திய அரசாங்கமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. இது 2016-ம் ஆண்டு விலைவாசிப்படி போட்ட கணக்கு. "குறைந்தது" என்ற சொல்லைக் கவனியுங்கள்.

காட்டுத் தீயைத் தடுக்க மத்திய அரசாங்கம் 2018-19-ல் ஒதுக்கிய தொகை ஏறத்தாழ 50 கோடி ரூபாய். மாநிலங்கள் தம் பங்கைத் தனியாகப் போடுகின்றன. இருந்தாலும் நஷ்டம் மலை, தடுப்பு மடு!

மலை எரிந்தால் நஷ்டம் மரத்தோடு போவதில்லை. புல் போனால் ஆடு மாடுகளுக்குத் தீவனம் போகும். சரிவில் மண்ணைப் பிடித்து வைத்திருந்த செடிகள் போனால், அடுத்த மழையில் மண் கரைந்து ஓடையில் இறங்கும். ஓடை ஏரிக்கு வரும். ஏரி தூர்ந்துபோகும். ஏரி தூர்ந்தால் கிணறு வற்றும். மலையில் பிடித்த தீ, மூன்றாம் வருஷம் வேர்க்கடலைக் கொல்லையில் வந்து நிற்கும்!

ஓர் ஏக்கருக்குக் கணக்கு

இனி ஓர் ஏக்கரை எடுத்துக்கொள்வோம். மலை அடிவாரத்தில், ஊரை ஒட்டிய காடு. இது உதாரணத்துக்காகப் போடும் கணக்குத்தான். கூலியும் விலையும் இடத்துக்கு இடம் மாறும். வாசகர்கள் தங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஓர் ஏக்கரில் புதர் வெட்டி, சுள்ளி சேர்க்க எட்டு ஆள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 400 ரூபாய். மொத்தக் கூலி 3,200 ரூபாய்.

கிடைக்கும் சுள்ளி, காய்ந்த பிறகு இரண்டு டன். வாங்குகிறவர் டன்னுக்கு 2,500 ரூபாய் தருகிறார். வரவு 5,000 ரூபாய்.

அடேயப்பா, லாபம்தான் என்று அவசரப்பட வேண்டாம்! வெட்டித் துண்டாக்கி, உலர்த்தி, கட்டுக் கட்ட 1,000 ரூபாய். லாரி வாடகை டன்னுக்கு 1,500 என்றால் 3,000 ரூபாய். கையில் நிற்பது 1,000 ரூபாய். கூலி 3,200-ல் இதைக் கழித்தால், 2,200 ரூபாய் கைப்பணம் போடவேண்டும்.

வாங்குகிறவர் பக்கத்து ஊரிலேயே இருந்தால்? லாரி வாடகை டன்னுக்கு 500 ரூபாய். இரண்டு டன்னுக்கு 1,000. கையில் நிற்பது 3,000 ரூபாய். கைப்பணம் 200 ரூபாய் போட்டால் போதும்!

இந்த இரண்டு கணக்குக்கும் என்ன வித்தியாசம்? காடு அதேதான். கூலி அதேதான். சுள்ளியும் அதேதான். தூரம் மட்டும் மாறியது. சுள்ளி கனம் குறைவு, இடம் அதிகம். லாரி நிறைந்துவிடும், எடை நிறையாது. அதனால் தூரத்து ஆலை எவ்வளவு விலை கொடுத்தாலும் சுள்ளிக்குக் கட்டுப்படியாவதில்லை.

வெட்டிய புதர் மீண்டும் தளிர்க்கும் என்பதையும் மறக்கக்கூடாது. ஒரு முறை செலவோடு முடியாது. வீட்டுக் கூரைக்கு ஓலை மாற்றுவதுபோல், சில ஆண்டுக்கு ஒரு முறை திரும்பவும் கலைக்க வேண்டும்.

வாங்க ஆள் இல்லாவிட்டால்?

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் இந்தச் சிக்கலை நேரில் கண்டார்கள். 2012-ல் ஒரு தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். பத்து ஆண்டில் 3 லட்சம் ஏக்கர் கலைக்க வேண்டும். கிடைக்கும் சிறு மரத்தை விற்று நிறுவனம் செலவை ஈடுகட்டிக்கொள்ள வேண்டும். நல்ல ஏற்பாடாகத்தான் தெரிந்தது. ஆனால் சிறு மரத்தை வாங்கப் போதிய ஆலை இல்லை. ஒப்பந்தம் கை மாறியது. வேலை நகரவில்லை. குறிக்கோளில் சிறு பகுதிதான் முடிந்தது.

வாங்க ஆள் இருந்தால் நிலைமை மாறுகிறது. நம் நாட்டிலேயே இதற்கு உதாரணங்கள் உண்டு.

கர்நாடகத்தின் மாதேசுவரன் மலையில் சோளகர் இன மக்கள், உண்ணிச் செடியின் தண்டை வேகவைத்துப் பட்டையை உரித்து, நாற்காலியும் சோபாவும் கூடையும் செய்கிறார்கள். பார்த்தால் பிரம்பு என்றே தோன்றும்.

நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பக்கத்தில் பழங்குடி மக்கள், உண்ணிச் செடித் தண்டால் முழு அளவு யானைகளையே செய்தார்கள். அந்த யானைகள் 2021-ல் லண்டன் நகரப் பூங்காக்களில் நின்றன. 2024-ல் அமெரிக்காவுக்குப் பயணம் போயின. காட்டை அடைத்த களை, கப்பல் ஏறிக் காசு கொண்டு வந்தது!

முதுமலையில் பரவிவிட்ட மஞ்சள் கொன்றை என்ற அயல்நாட்டு மரத்தை வெட்டி, காகிதக் கூழுக்காக அரசாங்கக் காகித ஆலைக்கு அனுப்பத் தமிழ்நாடு அரசாங்கம் ஏற்பாடு செய்தது. இத்தகைய அயல் செடிகளை அகற்றுவதற்காக 2022-ல் தனிக் கொள்கையும் வகுத்தது.

இமயமலைச் சாரலில் உள்ள உத்தரகண்டில் தீயை மூட்டுவது பைன் மரத்தின் ஊசி இலை. 2024 மே மாதத்தில் அந்த மாநில முதலமைச்சர் தாமி, "ஊசி இலையைக் கொண்டு வா, பணத்தை வாங்கிக்கொண்டு போ" என்ற இயக்கத்தைத் தொடங்கினார். கிலோவுக்கு 50 ரூபாய் தருவதாக அறிவித்தார். தீயை அணைக்கப் போகும் பணத்தில் கொஞ்சத்தை, தீயின் தீனியை வாங்கவே கொடுத்துவிடலாம் என்பது அதன் தத்துவம்.

நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே கிழக்குக் கோடியில் கும்மிடிப்பூண்டி ஆலைகள் இருக்கின்றன. ஆலைகளின் கொதிகலனுக்கு, மரத்தூளையும் கடலைத் தோலையும் அழுத்திக் கட்டியாக்கி எரிபொருளாகப் போடும் வழக்கம் நாட்டில் பரவி வருகிறது. சுள்ளியையும் புதரையும் அப்படிக் கட்டியாக்கலாம். ஆனால் அந்த இயந்திரம் மலை அடிவாரத்தில் இருக்க வேண்டும். சுள்ளியாக ஏற்றினால் லாரி வாடகை தின்றுவிடும். கட்டியாக ஏற்றினால் அதே லாரியில் பல மடங்கு எடை போகும்.

கோடரி திசை மாறும் ஆபத்து

இதுவரை சொன்னதைக் கேட்டு, "அப்படியானால் காட்டை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடலாமே!" என்று யாராவது சொல்லக்கூடும். இங்கேதான் பெரிய ஆபத்து இருக்கிறது.

ஒப்பந்தக்காரர் லாபத்தைப் பார்ப்பவர். அது அவர் தொழில். அவருக்குச் சுள்ளியால் லாபம் இல்லை. பருத்த மரத்தால்தான் லாபம். ஆனால் தீயைத் தாங்கி நிற்பது பருத்த மரம். தீயைப் பரப்புவது சுள்ளி. எதை எடுக்க வேண்டுமோ அதற்கு விலை இல்லை. எதை விட்டுவைக்க வேண்டுமோ அதற்குத்தான் விலை! "கலைக்கிறோம்" என்று சொல்லிப் பெரிய மரத்தை வெட்டிப் போனால், நிழல் போகும். வெயில் தரையில் விழும். புல்லும் முள்ளும் முன்னைவிட அதிகமாக மண்டும். காடு முன்னைவிட வேகமாக எரியும்.

மரத்துக்கு விலை ஏறினால் என்ன ஆகும் என்பதை நம் எல்லைக்கு அப்பால் உள்ள சேஷாசல மலை சொல்லும். அங்கே விளையும் செம்மரத்துக்குப் பொன் போல விலை. அந்த விலை, கடத்தல்காரர்களைக் கொண்டு வந்தது. கூலிக்குக் கோடரி பிடிக்க ஏழைகளைக் கொண்டு வந்தது. 2015 ஏப்ரல் 7-ந் தேதி அந்த மலையில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் ஆந்திரப் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். லாபம் எங்கோ போயிற்று. உயிர் இங்கே போயிற்று.

சீமைக் கருவேலத்திலும் ஒரு பாடம் உண்டு. அதற்கு விறகாகவும் கரியாகவும் நல்ல விலை. ராமநாதபுரத்தில் பல குடும்பங்கள் அதில் பிழைக்கின்றன. விலை இருப்பதால் வேரோடு யாரும் பிடுங்குவதில்லை. மேலே வெட்டி அடியை விட்டுவிடுகிறார்கள். அடி மீண்டும் தளிர்க்கும், மீண்டும் வெட்டலாம். விற்பனைப் பொருளாகிவிட்ட களை, களையாகவே நிலைத்துவிடுகிறது!

ஆகவே மூன்று நிபந்தனை வேண்டும்.

ஒன்று: எதை வெட்டுவது என்பதை வன இலாகா குறித்துக் கொடுக்க வேண்டும். இத்தனை விரற்கடைக்கு மேல் பருமன் உள்ள மரத்தில் கத்தி படக்கூடாது என்று அளவு வைக்க வேண்டும்.

இரண்டு: கூலியை, வெட்டிய எடைக்குக் கொடுக்கக்கூடாது. சீர் செய்த ஏக்கருக்குக் கொடுக்க வேண்டும். எடைக்குக் கூலி என்றால் கை தானாகப் பெரிய மரத்தின் பக்கம் போகும்.

மூன்று: உண்ணிச் செடியை வேரின் கழுத்துக்குக் கீழே வெட்டித் தலைகீழாகப் போட வேண்டும். அப்போதுதான் மீண்டும் தளிர்க்காது. அந்த இடத்தில் நாட்டுப் புல்லும் நாட்டு மரமும் வர வழி செய்ய வேண்டும்.

எல்லாக் காட்டையும் கலைக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. அதற்குப் பணமும் இல்லை, அவசியமும் இல்லை. விழுந்த கட்டைக்கு அடியில் கீரியும் உடும்பும் வாழ்கின்றன. சருகு மக்கினால்தான் மண்ணுக்கு உரம். காட்டைக் கோவில் பிராகாரம் போலப் பெருக்கி வைத்தால் காடு செத்துவிடும்.

எந்த இடத்தில் மனிதன் தீயைக் கொண்டுபோகிறானோ, அந்த இடத்தைக் கலைத்தால் போதும். ஊர் ஓரம். சாலை ஓரம். மலைக் கோவிலுக்குப் போகும் பாதையின் இரு பக்கம். மாடு மேய்க்கும் தடம். காட்டுத் தீயில் பெரும்பகுதி மனிதன் கையால் வருவது. ஆகவே மனிதன் நடக்கும் இடத்தில் சுள்ளி இல்லாமல் செய்தால், பாதித் தீ பிறக்கும் முன்பே போய்விடும்.

வன இலாகா கோடைக்கு முன்பே காட்டுக்குள் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறது. அகலமாக ஒரு கீற்றைச் சுத்தமாக்கி விடுவார்கள். ஓடி வரும் தீ அங்கே தின்ன எதுவும் இல்லாமல் நின்றுவிடும். சில இடங்களில், பனி ஈரம் இருக்கும்போதே கண்காணிப்போடு அந்தக் கீற்றை எரித்தும் விடுவார்கள். அது பழகியவர்கள் செய்ய வேண்டிய வேலை. அமெரிக்காவில் 2022-ல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் இப்படித் திட்டமிட்டு வைத்த தீயே கைமீறிப்போய், 3 லட்சத்து 40 ஆயிரம் ஏக்கரை எரித்துவிட்டது. தேர்ந்தவர்களுக்கே இந்த கதி என்றால், நாமாகத் தீ வைப்பது எவ்வளவு பெரிய தவறு!

புதுப் புல் முளைக்கட்டும் என்று மலைக்குத் தீ வைப்பவர்கள் சில இடங்களில் உண்டு. அது குற்றம். காப்புக் காட்டில் அனுமதி இல்லாமல் மரம் வெட்டுவதும் குற்றம். ஆகையால் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குக் கிளம்ப வேண்டாம்! ஊர் கூடிப் பேசி, ஊராட்சி மூலம் வன அலுவலரிடம் கேட்டுச் செய்ய வேண்டிய காரியம் இது.

செலவு யாருடையது?

கடைசியாக ஒரு கேள்வி. அந்த 200 ரூபாயோ 2,200 ரூபாயோ, அதை யார் கொடுப்பது?

தீ வந்து பத்து வீடு எரிந்தால் அமைச்சர் வருவார், அதிகாரி வருவார், நிவாரணம் வரும், பத்திரிகையில் படம் வரும். தீ வராமல் தடுத்தால்? யாரும் வரமாட்டார்கள். வராத தீயைப் படம் எடுக்க முடியாது. அதனால்தான் தடுப்புச் செலவு எல்லோர் கண்ணுக்கும் வீண் செலவாகத் தெரிகிறது.

ஆனால் வீட்டில் நாம் அப்படி நினைப்பதில்லை. குழந்தைக்குத் தடுப்பூசி போடுகிறோம். "நோய் வரவே இல்லையே, ஊசி வீண்தானே" என்று எந்தத் தாயும் சொல்வதில்லை. மழைக்கு முன் ஓடு மாற்றுகிறோம். ஒழுகாத வீட்டைப் பார்த்து, ஓட்டுக் காசு வீண் என்று யாரும் வருந்துவதில்லை.

காட்டால் பயன் பெறுவது ஊர் முழுவதும். ஏரித் தண்ணீர் குடிப்பவர்களும் கிணற்றில் இறைப்பவர்களும் அதில் பங்காளிகள். ஆகவே செலவும் பொதுப் பணத்திலிருந்து வரவேண்டியதுதான். கோடைக்கு முன், வயல் வேலை குறைந்திருக்கும் மாதங்களில் இந்த வேலையைக் கொடுத்தால், மலை அடிவாரத்துக் குடும்பங்களுக்குக் கூலியும் கிடைக்கும். முன்பு தலைச்சுமையாகச் சுமந்து கூலி இல்லாமல் காட்டைக் காத்தவர்களின் பேத்திகள், இன்று அதே வேலைக்குக் கூலி வாங்கினால் அது நியாயம்தானே!

திண்ணைக்குத் திரும்புவோம். மலையில் சிவப்புக் கோடு இன்னும் எரிகிறது.

"பாட்டி, நீ சின்னப் பொண்ணா இருந்தப்போவும் மலை எரியுமா?"

"எரியும்டா. ஆனா, அடிவாரம் வரைக்கும் வராது."

"ஏன்?"

"வர்றதுக்கு அங்கே என்ன இருந்தது? ஒரு சுள்ளி விடாம நாங்கதான் பொறுக்கிட்டு வந்துடுவோமே!"